நகராத சிரட்டை

மண்ணடுப்பில் வெந்த பன்றிக்கறி மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்துகொண்டிருக்கிறது. கவா பானத்தின் முதல் சிரட்டையைக் குலத்தலைவர் குடிக்காமல் யாரும் கறியில் கை வைக்கக் கூடாது. யார் தலைவர் என்பதுதான் தகராறே. மூத்தவன் நான் என்கிறார் அபெனிசா பெரியப்பா. ஊர் கூடித் தேர்ந்தெடுத்தது என்னை என்கிறார் இசிமெலி சித்தப்பா. நடுவில் நிறைசிரட்டையோடு குந்தியிருக்கும் என் கணவர் இருவர் பக்கமும் மாறி மாறித் திரும்ப, பாயில் சொட்டுச் சொட்டாகக் கவா விழுகிறது. தலைநகர் சுவாவிலிருந்து நேற்று வந்த என் தங்கை விலிமைனா கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். எங்கள் நில உரிமையையும் தலைமையையும் ஆராய்ந்ததற்குப் பல்கலைக்கழகம் கொடுத்த பதக்கம் அவள் கழுத்தில் ஜன்னல் வெயிலுக்கு மின்னுகிறது. விருந்தே அதற்குத்தான்.

“படிச்சவ நீதான? யாருக்குன்னு சொல்லித் தொலையேன்டி,” என்கிறேன்.

“அதத்தாங்கா முந்நூறு பக்கம் எழுதிருக்கேன். ரெண்டு பேரும் ஒரு பக்கமாவது புரட்டிருந்தா இந்நேரம் சாப்பிட்டிருக்கலாம்.”

பெரியப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்தே திரும்புகிறார்கள்.

“ஆம்பளைங்க பேசுற எடத்துல பொண்ணுக்கு என்ன பேச்சு?”

காலையிலிருந்து இதில் மட்டும்தான் இருவருக்கும் ஒரே குரல். சிரட்டை இன்னும் நடுவிலேயே நிற்கிறது.