மணிக்கட்டில் வெண்ணெய்

துடைத்தும் போகாத வெண்ணெய்ப் பிசுபிசுப்போடு நானும் ஐலியும் சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் கதவுக்கு முன்னால் நின்றோம். அவள் குளியல் அங்கியில். நான் வழியனுப்ப வந்தவள், கம்பளிச் சட்டையில்.

தாதி பைவி கதவை மறித்துக்கொண்டு கையிலிருந்த திரையையே பார்த்தாள். புருவம் சுருங்கியது.

மாட்டிக்கொண்டோம் என்றே நினைத்தேன்.

எங்கள் முதியோர் இல்லத்தின் தாழ்வாரக் கூரையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது. செயற்கை நுண்ணறிவாம். யார் எப்படி நடக்கிறார்கள் என்று நாள் முழுக்கக் கவனித்து, யார் விழப்போகிறார்கள் என்பதை விழுவதற்கு முன்பே சொல்லிவிடும். எப்படி நடந்தாலும் குற்றம் கண்டுபிடிக்கும் என்பதால், நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார்.

மாமியாருக்கு முகம் தெரியாது. எங்கள் அந்தரங்கம் கெடக்கூடாது என்று அதன் கண்ணை மங்கலாக்கி வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டுப் பட்டையை வைத்துத்தான் ஆளை அடையாளம் காணும். நடை நேராக இருந்தால் பச்சை. தள்ளாடினால் சிவப்பு. சிவப்பு விழுந்தவர்களை ஈரத்தரையில் விடமாட்டார்கள். அதாவது, சவுனா கிடையாது.

இலையுதிர்காலத்தில் ஐலிக்குச் சிவப்பு விழுந்தது.

அவள் பிறந்ததே சவுனாவில்தான். அந்தக் காலத்தில் ஏரிக்கரைப் பண்ணைகளில் பிரசவம் அங்கேதான் நடக்கும். ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிடாதவள், தடை விழுந்த வாரம் சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

நான் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். இந்த வயதிலும் என் நடை கோடு போட்ட மாதிரி இருக்கும். ஆகவே தினமும் காலை உணவு முடிந்ததும், ரொட்டிக்குக் கொடுத்த வெண்ணெயை மணிக்கட்டில் தடவிப் பட்டைகளை உருவி மாற்றிப் போட்டுக்கொள்வோம். பட்டையைப் பார்த்து மருந்து கொடுக்கும் நேரத்துக்கு முன்னால் திருப்பி மாற்றிவிடுவோம்.

மாமியார் ஏமாந்தாள். ஐலிக்குப் பச்சை. எனக்குச் சிவப்பு.

சனிக்கிழமைதோறும் ஐலி பைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆவிக்குள் போவாள். நான் ஜன்னலோரம் காபியும் ஏலக்காய் ரொட்டியுமாகத் தனியே உட்கார்ந்திருப்பேன். தோழிக்காகச் சவுனாவையே விட்டுக்கொடுத்தவள்! ஐலி சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவாள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

"கெர்ட்டும்மா!" பைவி திரையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்ன மாயம் பண்ணீங்க? மாசக்கணக்கா சிவப்பு, இன்னிக்குப் பாத்தா சுத்தமான பச்சை! நீங்களும் உள்ள வாங்க. அங்கி எடுத்து வச்சிருக்கேன்."

ஒரு கணம் எனக்கு எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. என் பட்டையோடு நடந்தவள் ஐலி. சனிக்கிழமை வரட்டும், வரட்டும் என்று உற்சாகமாகத் தாழ்வாரத்தில் நடந்து நடந்து, அவள் கால் நிஜமாகவே தேறிவிட்டது. இனிமேல் ஏமாற்ற வேண்டியதே இல்லை. கட்டிப்பிடித்துக் கொண்டாட வேண்டிய செய்தி.

நானோ கதவிலிருந்து ஓர் அடி பின்வாங்கினேன்.

எனக்குச் சவுனா பிடிக்காது.

அந்தச் சூடு பிடிக்காது. மூச்சு முட்டும். பிர்ச் மரத்து இலைக் கட்டால் முதுகில் அடித்துக்கொள்வது சுத்தமாகப் பிடிக்காது. பின்லாந்தில் பிறந்த ஒருத்தி இதை வெளியே சொல்ல முடியுமா? பெற்றவளிடம் சொன்னதில்லை, கட்டினவரிடம் சொன்னதில்லை. சொன்னால் நெற்றியில் கைவைத்துப் பார்த்து டாக்டரைக் கூப்பிடுவார்கள். வாழ்நாள் முழுக்கச் சனிக்கிழமை சாயங்காலங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு வெந்திருக்கிறேன். மாமியார் கொடுத்த சிவப்புதான் எனக்குக் கிடைத்த முதல் விடுதலை.

ஒரு தடுமாற்றம் போதும், தப்பித்துவிடலாம். மாமியார் நேர் மேலேதான் இருக்கிறாள். மெல்ல ஒரு காலை இழுத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. என் கையில் இருப்பது ஐலியின் பட்டை. நான் தடுமாறினால் சிவப்பு அவளுக்கு விழும். வாசல் வரைக்கும் வந்தவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நெஞ்சை நிமிர்த்தினேன். பள்ளி அணிவகுப்பில் நடப்பதுபோல் அந்த நரகத்தை நோக்கி நேராக நடந்தேன்.

பின்னால் சர்ரென்று செருப்பு வழுக்கும் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். மேடு பள்ளம் எதுவும் இல்லாத தரையில், பைவியின் கையை முன்கூட்டியே இறுகப் பிடித்துக்கொண்டு, ஐலி ஒரு காலை மட்டும் அழகாகத் தடுக்கவிட்டிருந்தாள்.

திரை கீச்சிட்டது. என் பெயருக்கு எதிரே சிவப்பு.

ஐலி என் காதருகே குனிந்தாள். "இத்தனை வருஷமா சவுனாவுல என் பக்கத்துல உக்காந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தியேடி, எனக்குத் தெரியாதா?"

பைவி திரையைப் பார்த்தாள். தடுக்கிய ஐலியைப் பார்த்தாள். சிவப்பு வாங்கிய என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் உயிரே இல்லை.

"பாவம் கெர்ட்டும்மா, உங்களுக்கு இன்னிக்கும் இல்ல போலிருக்கே" என்றாள்.

பிறகு ஐலியைத் தோளோடு அணைத்து உள்ளே அழைத்துப் போனாள். போகிற போக்கில் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"காப்பி சூடா இருக்கு. முதல்ல அந்த வெண்ணெயைத் துடைச்சுக்குங்க."