சிவப்புப் புள்ளி வைத்த பற்றரிகள்

இரும்புக் குண்டை அடித்து விளையாடும் பின்போல் மெஷினின் தலைப்பெட்டியை அருள்மலர் திறந்தாள்.

உள்ளே மூன்று பற்றரிகளும் பொங்கியிருந்தன. வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து, போர்டின் செப்புக் கோடுகள் வரைக்கும் ஊர்ந்திருந்தது.

மகன் அபிஷன் பிறம்ரன் நகரிலிருந்து வான் வண்டியில் புறப்பட்டுவிட்டான். நாலு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு வருகிறான். அதுவும் சோறு தின்ன இல்லை, இந்த மெஷினை ஏற்றிக்கொண்டு போக.

போனில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா, என்ர ஸ்கோர் இன்னும் இருக்கோ?"

ஓம் என்று சொல்லிவிட்டாள். பார்க்காமலேயே சொன்னாள். பிறகுதான் பயம் பிடித்து, முழங்கால் வலியோடு பேஸ்மென்ட் படிகளில் இறங்கினாள்.

நல்ல காலம். சுவிட்சைப் போட்டபோது திரையில் முதலாம் இடத்தில் அவன் பெயரின் மூன்று எழுத்துகளும் வந்தன. பக்கத்தில் நீளமாக ஓர் எண். அடுத்த நிமிடம் பற்றரியைப் பார்க்கச் சொல்லித் திரை மின்னத் தொடங்கியது.

படிப்பை விட்டு லொறி ஓட்டப் போகிறேன் என்று நின்றவனிடம், "அப்ப இந்த வீட்டில உனக்கு ஒண்டும் இல்லை" என்றவர் அவனுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராசா. இந்த ஸ்கோரும் அழிந்தால் அந்த மனுசன் சொன்னதே சரியாகிவிடும். அதை அவளால் தாங்க முடியாது.

பற்றரி பொங்கினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ரீவி ரிமோட், சுவர் மணிக்கூடு, காய்ச்சல் பார்க்கும் கருவி எல்லாம் அந்த வீட்டில் அப்படித்தான் செத்தன. கொலைகாரி அவள்தான்.

யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரவிடாமல் தடைபோட்டிருந்த காலத்தில், தீர்ந்துபோன பற்றரியை வெயிலில் காயவைத்து ரேடியோவில் செய்தி கேட்டவள். பாதி உயிர் உள்ளதை எறிய இன்றைக்கும் கை வராது. நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவாள்.

இந்த மூன்றிலும் அந்தச் சிவப்புப் புள்ளி இருந்தது.

அவை எப்படி இங்கே வந்தன என்று யோசிக்க நேரமில்லை. முதலில் மெஷினை நிற்பாட்ட வேண்டும், பிறகு பற்றரியைக் கழற்ற வேண்டும். எந்தச் சாமானுக்கும் அதுதானே முறை. சுவிட்சில் கையை வைத்தாள்.

"உதைத் தொடாதை."

படியில் ஸ்ரீஸ்கந்தராசா நின்றார்.

பின்னேரங்களில் ட்ரெட்மில்லில் நடக்க மட்டும்தான் அவர் கீழே வருவார், டொக்டரின் கட்டளை. இத்தனை நடந்தும் சுகர் இறங்கியபாடில்லை. மகனின் பெயரை எடுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்புகிறவர்.

"நிப்பாட்டினா ஸ்கோர் எல்லாம் அழிஞ்சுபோம். கரண்டிலை ஓடிக்கொண்டிருக்கேக்கைதான் பற்றரி மாத்த வேணும்."

வேண்டுமென்றே எதையாவது செய்துவிடுவாரோ என்று அவள் பயந்தாள். மெஷினை மறைத்தபடி நின்றாள். அவர் அவளை மெல்ல ஒதுக்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து புதுப் பற்றரிகளை எடுத்தார். இன்னும் உறை பிரிக்காதவை.

பல்லுக்குத்தும் குச்சியால் முதலாவதை நெம்பினார். வந்தது. இரண்டாவது உப்போடு உதிர்ந்து வந்தது. மூன்றாவது ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது.

வெளியே வான் ஒன்று பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது.

குச்சி முறிந்தது. அவர் இன்னொன்றை எடுத்தார். நெற்றியிலிருந்து வடிந்த வியர்வை போர்டில் விழுந்துவிடாமல் அவள் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். நாலு வருடத்தில் அவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை.

மூன்றாவதும் கழன்றது. காய்ந்த பிரஷ்ஷால் பொருக்கைத் தட்டிவிட்டுப் புதியவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்தினார்.

திரையில் ஏதேதோ படங்கள் ஓடின. ஸ்கோர்ப் பக்கம் தன் முறை வந்தால்தான் வரும். இருவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

வந்தது. அதே மூன்று எழுத்துகள், அதே நீள எண்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அபிஷன் காலில் சப்பாத்தோடு கீழே இறங்கி வந்தான். அம்மாவையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. நேரே திரைக்கு முன்னால் போய் நின்றான். அந்தப் பக்கம் மறையும்வரை நின்றான். மறுபடி வரும்வரையும் நின்றான்.

"அம்மா, இது என்ர ஸ்கோர் இல்லை. பேர்தான் என்ர. நான் ஒருநாளும் இதிலை பாதிகூட எடுக்கேல்லை."

அருள்மலர் கணவரைப் பார்த்தாள். அவர் குனிந்து, கீழே உதிர்ந்த உப்பைக் கடதாசியில் கூட்டிக்கொண்டிருந்தார்.

மகன் போன அந்தப் பனிக்காலத்தில், ரேடியோவுக்கு என்று அவர் மூன்று பற்றரி கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். அவர் ரேடியோ கேட்டு அவள் கண்டதே இல்லை.

"பற்றரியை வருசத்துக்கு ஒருக்கா மாத்து," என்றார் அவர், நிமிராமலே. "நிப்பாட்டாமல் மாத்து."

மகன் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான்.

அருள்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் மூலையில் இருந்த ட்ரெட்மில் கண்ணில் பட்டது. அதன்மேல் பழைய பெட்டிகள் கைபிடிக்கு மேலாக அடுக்கியிருந்தன. நடக்கிற பட்டியில் தூசி தடிப்பாகப் படிந்திருந்தது.

அதில் ஒரு கால் தடமும் இல்லை.