சத்தம் போடும் கூடாரம்

ஜூன் ஏழு, சனிக்கிழமை. வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது. காற்றும் சற்றுப் பலமாக வீசியது.

“இந்த ஜிப் சத்தமே போடலையேங்க! வேற காட்டுங்க” என்றார் நர்ஸ் அக்கா.

கடைக்காரர் விழித்தார். “எல்லாரும் சத்தம் வரக் கூடாதுன்னு கேப்பாங்க. நீங்க என்னம்மா, தலைகீழா கேக்கறீங்க?”

இளைஞர் குழுவின் முகாமுக்குக் கூடாரங்கள் வாடகைக்கு எடுக்க அவரும் குழுவின் பெண்கள் இருவரும் வந்திருந்தனர். பெண் பிள்ளைகளுடன் தங்கப் பெரியவள் ஒருத்தி வராவிட்டால் முகாமே இல்லை. கேட்டவர்கள் அனைவரும் கைவிரித்துவிட்டனர். ஆண்டுதோறும் மறுத்துவந்த நர்ஸ் அக்காதான் இம்முறை ஒருவாறு இசைந்திருந்தார்.

கடைக்காரர் மூலையில் கிடந்த பழைய பச்சைக் கூடாரத்தை எடுத்து, அதன் ஜிப்பை இழுத்தார். ‘கர்ர்ர்ர்ர்!’ வாசலில் உறங்கிய நாய் எழுந்து குரைத்தது.

“ஆங், இதான்! இதுல ஒண்ணு போதும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்” என்றார் அக்கா, முகம் மலர.

“அய்யோ அக்கா, இது டென்ட்டா, மாவு மில்லா?” என்றாள் வாயாடி. சென்ற முகாமில் நள்ளிரவில் நழுவி ஏரிக்கரையைச் சுற்றிவந்த பெருமை அவளுக்குரியது.

“இது இல்லேன்னா நான் வரலை.”

குழுத்தலைவி நெட்டை, வாயாடியின் இடுப்பில் கிள்ளினாள். “உனக்குத்தான்டி அந்த டென்ட்டு. வாயைத் தொறந்தே, மொத்த கேம்ப்பும் போயிடும்!”

மறுவாரம், ஏரியை அடுத்த மைதானத்தில் கூடாரங்கள் எழும்பின.

“முளையைச் சாய்ச்சு அடிங்கடி. நேரா அடிச்சா காத்து பிடுங்கிடும்” என்று அக்கா ஓடியாடி ஆணையிட்டார். “பச்சை டென்ட் நடுவுல. மத்த வாசலெல்லாம் அதைப் பாத்துத்தான் இருக்கணும்.”

“ஜெயில்ல கூட இவ்வளவு காவல் இருக்காது” என்று முணுமுணுத்த வாயாடி, முறுக்கேற்றிய கயிற்றைக் கடைசி முளையில் கட்டினாள். பிறகு எவரும் சொல்லாமலே தன் பையைத் தூக்கிக்கொண்டு பச்சைக் கூடாரத்தை நோக்கி நடந்தாள்.

“எனக்குப் புரிஞ்சுடுச்சுக்கா. நானே போய்ப் படுத்துக்கறேன். கேம்ப் நடந்தா சரி.”

அக்கா அவள் தோளிலிருந்த பையை மெல்லக் கழற்றினார்.

“அசடு, அது எனக்குடி” என்றார், தலைகவிழ்ந்து. “நான் தூக்கத்துல எழுந்து நடப்பேன், வீட்டுல தாழ்ப்பாள் சத்தம் கேட்டா அவர் ஓடிவந்து பிடிச்சுக்குவார், இங்க ஜிப் சத்தம் கேட்டா நீங்கதான்டி கண்ணுங்களா என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரணும்!” என்று அவர் கூறி முடித்தபோது மணி மாலை ஆறு இருபது.