வீட்டுக்குப் போன சிலந்தி

பரண் மூலையில் இருந்த சிலந்திக்கு வலைதான் வீடு, வலைதான் வேலை. இழையில் ஒரு காலை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பூச்சி மாட்டினால் இழை அதிரும். உடனே ஓட வேண்டும்.

அந்த வழியாகப் போய்வரும் எறும்புக்கு அவள் சும்மா இருப்பதாகத்தான் பட்டது.

"அக்கா, நீங்க வீட்லதானே இருக்கீங்க? இந்த நொய்யைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று வலையிலேயே தொங்கவிட்டுப் போனாள்.

காற்றடித்தபோதெல்லாம் நொய் ஆடியது, இழை அதிர்ந்தது. பூச்சிதான் என்று சிலந்தி ஓடி ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். எட்டுக் காலும் கடுத்தது.

சாயங்காலம் எறும்பு வந்து நொய்யை எடுத்துக்கொண்டாள். "உங்களுக்கென்னக்கா, அலைச்சலே இல்லை. எனக்கு இப்பதான் வேலை முடிஞ்சுது. வீட்டுக்குப் போயி காலை நீட்டணும்."

வீட்டுக்குப் போய்! சிலந்திக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. வலையை விட்டுச் சுவரோரமாகத் தரைவரை இறங்கினாள். சற்று நேரம் நின்றாள். பிறகு, வேலை முடிந்து வருகிறவளைப் போல மெதுவாக ஏறி வந்து, "அப்பாடா" என்று வலையில் காலை நீட்டினாள்.

நீட்டிய காலுக்கடியில் இழை அதிர்ந்தது. சிலந்தி எழுந்து ஓடினாள்.