கதவு திறந்த நாள்

தேனூற்று அருவிக்கு ஏறும் பாதையின் கதவு, வருபவரின் இதயத்துடிப்பைக் கேட்டு, ரத்த அழுத்தத்தையும் கணித்துவிட்டுத்தான் திறக்கும். நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்த பூங்கோதையை அது இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தது. "ஒனக்கு எதுக்குட்டி மலையும் அருவியும்?" என்று சொல்லிவிட்டுக் கணவர் சுடலையாண்டி தனியே ஏறிப்போவார். அவளோ ஒரு வருடமாக விடாமல் மாடிப்படி ஏறி இறங்கினாள்.

இன்று கதவு அவளுக்கு விரியத் திறந்தது. பின்னால் வந்த கணவருக்கு மூடிக்கொண்டது.

"ரத்தக்கொதிப்பு கூடியிருக்கிறது, ஐயா. இன்று ஏற வேண்டாம்" என்றது கதவு.

சுடலையாண்டி திகைத்து நின்றார். "ஏட்டி, திரும்பிருவமா?"

"நெழல்ல உக்காந்து மாத்திரையப் போடுங்க. நான் குளிச்சிட்டு வாரேன்."

அருவியடியில் பெண்கள் நகர்ந்து இடம்விட்டார்கள். தண்ணீர் தோளில் அறைந்ததும் பூங்கோதை வாய்விட்டுக் கூவினாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. அடிக்கட்டும் என்று இன்னும் உள்ளே போய் நின்றாள்.