ராட்டினம் நிற்கும் வரை

“இதுதான் கடைசி. ராட்டினம் நின்னதும் கெளம்பணும்.”

சொல்லிவிட்டு சுகிர்தா சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அவன் இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஒரே ஒரு தள்ளு தள்ளினான். கையை எடுத்துக்கொண்டான். பேச்சு என்றால் பேச்சு.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, மாலையில், இந்தப் பூங்கா. மகளைப் பார்க்க கோர்ட் அவனுக்கு அளந்து கொடுத்தது அவ்வளவுதான். போன முறை கொஞ்சம் நேரமாகிவிட்டது. வக்கீல் நோட்டீஸ் வந்தது.

முல்லை இரும்புத் தட்டின் விளிம்பில் உட்கார்ந்து சுற்றினாள். முகம் வந்தது. பின்னல் வந்தது. மறுபடி முகம்.

வேகம் குறைந்தது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுக்கம்பத்தை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்தாள். ராட்டினம் வேகமெடுத்தது.

அவன் சொல்லிக்கொடுத்த வித்தைதான். உள்ளே போனால் வேகம், வெளியே வந்தால் மெதுவு. கோண உந்தம் மாறாது. பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் வருஷாவருஷம் தொண்டை கிழியக் கத்துகிறான், ஒருவன் மண்டையிலும் ஏறுவதில்லை. இரண்டாம் வகுப்புக்காரி கப்பென்று பிடித்துக்கொண்டுவிட்டாள்.

விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தான்.

மறுபடி குறைந்தது. மறுபடி நகர்ந்தாள். நகர்ந்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

அப்போதுதான் புரிந்தது. நிற்கவிடாமல் பார்த்துக்கொள்கிறாள்.



பாடப்புத்தகத்தில் ‘உராய்வு இல்லை எனக் கொள்க’ என்று ஒரு வரி வரும். எழுதிய மகராசன் இந்தப் பூங்காவுக்கு வந்ததில்லை போலும். அச்சு துருப்பிடித்துக் கிடந்தது. கிறீச் கிறீச்சென்று ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகத்தைத் தின்றது.

இன்னும் கொஞ்சம் உள்ளே.

இன்னும் கொஞ்சம்.

முல்லை இப்போது நடுக்கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு நின்றாள். கன்னம் கம்பத்தில் அழுந்தியிருந்தது.

“அப்பா, இன்னும் உள்ள போக எடமே இல்லப்பா.”

அவன் கை தானாக நீண்டது. ஒரு தள்ளு போதும்.

நோட்டீஸ் நினைவுக்கு வந்தது. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

சுகிர்தா எழுந்து வந்தாள். தோளில் கைப்பை, கையில் முல்லையின் செருப்பு. மறுகையால் கம்பியைப் பிடித்தாள்.

ராட்டினம் நின்றது.

முல்லை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கம்பத்தை விடவில்லை.

சுகிர்தா மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பக்கம் திரும்பவில்லை. பிறகு குனிந்து செருப்பைத் தரையில் வைத்தாள். கைப்பையையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.

“ஓரத்துக்கு வா முல்லை. வந்து கெட்டியாப் புடிச்சுக்க.”

அவன் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தான்.