நாலாம் படுக்கையின் ரத்தம்

நிமோனியா முற்றி அண்ணன் ஐ.சி.யூ.வில் நாலாம் படுக்கையில் கிடந்தான். அதே மருத்துவமனை லேபில்தான் எனக்கு வேலை. காலையில் அவன் பெயரெழுதிய ரத்தக் குழாய் வந்தது. சிறுநீரகம் கெடப்போவதை முன்கூட்டியே காட்டும் ஒரு புரதத்தின் அளவு அதில் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பதறிப்போய் டாக்டரிடம் ஓடினேன். அவர் உடனே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய ஒரு மருந்தை நிறுத்தினார்.

மதியம் நர்ஸ் வந்தாள். "அக்கா, உங்க அண்ணன் ரத்தம். இப்பத்தான் எடுத்தேன்."

"காலையிலயே வந்துச்சே?"

"காலையில யாரும் எடுக்கலையே."

இந்த ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. முதல் குழாயின் சீட்டை அப்போதுதான் கவனித்தேன். நாளை மறுநாள் தேதி.

அந்தத் தேதியன்று அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை; அன்று ரத்தம் எடுக்கத் தேவையே வரவில்லை. "என்னடி முழிக்கிற? பசிக்குது" என்றான்.

டாக்டரிடம் காட்டலாமென்று அந்தக் குழாயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தேன். மூடி போட்டது போட்டபடியே இருந்தது. உள்ளே ஒரு சொட்டு ரத்தம் இல்லை.